ராகு காலத்தில் ரீஸ்டார்ட் இல்லை

"ஏன்க்கா, பட்டப்பகல்ல எட்டரைக்கு வந்து விரல் வச்சா, ராத்திரி மூணு மணின்னு காட்டுது உங்க மெஷினு! ஆப்சென்ட்டுன்னு வேற போடுது. நான் என்ன பேயா?"

தப்பு செய்தவன் நிம்மதியாக இருக்க, செய்யாதவள் திட்டு வாங்குவதற்குப் பெயர்தான் ஹெல்ப்லைன். என்றைக்காவது அதைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கும் உங்களுக்குத் தெரியாததா? என் கொழுந்தன் ஜெரால்டு ஓசூர் கம்பெனிகளுக்கு அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறான். "அண்ணி கான்வென்ட்ல படிச்சவங்க, வீட்ல சும்மாதானே இருக்காங்க" என்று என் செல் நம்பரை எல்லா கம்பெனி கேட்டிலும் ஒட்டிவிட்டான். சும்மாவாம்!

திங்கட்கிழமைப் பேய்

கூப்பிட்டவள் பாகலூர் ரத்னம்மா. அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் கான்ட்ராக்டில் இருக்கிறாள். இந்த மாதம் ஒரு ஆப்சென்ட்கூட இல்லாமல் முடித்தால் பர்மனென்ட். குழம்பு அடிப்பிடித்தாலும் பரவாயில்லை என்று அடுப்பை விட்டு வந்து, பொறுமையாக இரு என்றேன். கன்னடமும் தமிழும் கலந்து பதில் வந்தது: "நோடி அக்கா, இங்க பாருங்க, பொறுமையா இருந்துதான் இத்தனை வருஷம் கான்ட்ராக்ட்ல இருக்கேன்."

எழுதி வைத்தால் போதுமா?

ஜெரால்டைப் பிடித்தேன். எல்லா கம்பெனிக்கும் ஒரே சாஃப்ட்வேர்தான். கன்டெய்னர் என்கிற பெட்டியில் அடைத்து அனுப்புகிறான். எந்தக் கம்பெனி, எந்த நாட்டு நேரம் என்ற விவரங்களுக்கு என்விரான்மென்ட் வேரியபிள் என்று பெயர். பெட்டி ஓட ஆரம்பிக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நமக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கிற உலகப் பொது நேரத்தை அதுவாக எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டியை ஓடவிட்ட என் கொழுந்தன் என்ன செய்தானாம்? "ஃபைல்ல கரெக்டா எழுதி வச்சேன் அண்ணி. ஸ்டார்ட் பண்ணும்போது அந்த ஃபைலைக் கொடுக்கத்தான் மறந்துட்டேன்."

பிள்ளையைப் பெற்றுவிட்டுப் பெயர் வைக்க மறந்தவன்!

நல்ல நேரம்

சரி, நிறுத்திவிட்டு ஃபைலோடு மறுபடி ஆரம்பித்தால் முடிந்தது. ஆனால் பெட்டி ஓடுகிற கம்ப்யூட்டர் ரத்னம்மா கம்பெனியின் ஹெச்ஆர் மேனேஜர் அறையில் இருக்கிறது. அவர் கையை வைக்க மாட்டேன் என்கிறார். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலமாம். "சார், கேட்டில் வருகிறவர்கள் எல்லாம் ஆப்சென்ட் ஆகிறார்கள்" என்று போனில் கத்தினேன். ஓடும்போதே மாற்றிவிடச் சொன்னார். ஓட ஆரம்பித்த பிறகு என்ன சொன்னாலும் அதன் காதில் ஏறாது. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு, ஒத்துக்கொள்கிறேன். பழி மட்டும் ரத்னம்மாவுக்கா? மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒன்பது மணிக்கு மேல எதை வேணா ஆரம்பிங்க மேடம், நான் தடுக்க மாட்டேன்."

சிஸ்டம் சொன்னால் சரி

ஒன்பதுக்கு ஆரம்பித்தோம். மணி சரியாகிவிட்டது, ஏற்கெனவே விழுந்த ஆப்சென்ட் அப்படியே நின்றது. பர்மனென்ட் ஆட்களுடையதைச் சூப்பர்வைசரே திருத்திவிட்டார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மேனேஜர்தான் திருத்த வேண்டும். தப்பு எங்களுடையது என்று எழுதியே கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டம் சொல்றதை மனுஷன் மாத்தலாமா மேடம்?"

ராகு காலத்துக்காகச் சிஸ்டத்தைக் காக்க வைக்கத் தெரிந்த மனுஷனுக்கு, ரத்னம்மாவுக்காக அதைத் திருத்த மட்டும் தெரியாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றது.

மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீல டிக் மட்டும் விழுகிறது.

"சார், ரத்னம்மா எட்டரைக்கே கேட்டில் நின்றாள். அந்த ஆப்சென்ட்டை எடுத்துவிடுங்கள், ப்ளீஸ்."