அக்கா இல்லாத குடும்பப் படம்

அந்தப் படத்தில் அத்தான் இருக்கிறார். அண்ணன் இருக்கிறார். அண்ணி இருக்கிறார், அவர் மடியில் அக்காவின் நாலரை வயது மகன் இருக்கிறான். நான் இல்லை, கமரா என் கையில் இருந்தது. அக்காவும் இல்லை. அவள் அப்போது எங்கள் வீட்டு வரிசையான லயத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அங்கே போய் நிற்கச் சொன்னவன் நான்.

அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் போகும்போது மகனுக்கு ஒன்றரை வயது. மூன்று வருடம் கழித்து, பதினாலு நாள் லீவில், அப்புத்தளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். வரைக்கும் படித்த முதல் ஆள் நான். பண்டாரவளைக்கு டியூஷன் போன பஸ் காசு அவள் அனுப்பியது. பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வாங்கிய கமராவும் அவள் காசுதான். இத்தனைக்கும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“எனக்கும் மகனுக்கும் ஒரு படம் எடுத்துக் குடுடா. அங்க கட்டில் பக்கத்துல செவுத்துல ஒட்டி வைக்கணும். போன்ல இருந்தா, அந்தப் போன மெடம் பகல்ல வாங்கி வச்சிக்குவா. செவுத்துல இருக்கிறத யாரு வாங்குவா?”

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது மூடுபனி. வெளிச்சம் சரியில்லை, அடுத்த வாரம் எடுக்கலாம் என்றேன். அது முழு உண்மையில்லை. முகங்களுக்கு மூடுபனி வெளிச்சத்தைப் போல நல்ல வெளிச்சம் கிடைக்காது. ஸ்டூடியோவில் முதல் மாதமே கற்றுக்கொண்ட விஷயம் அது. படத்தின் பின்னணியில் தேயிலை மலை தெரிய வேண்டும் என்பது என் ஆசை. அப்படி ஒரு படத்தை என்னுடைய பேஸ்புக் பக்கத்தில் போட்டால் நாலு பேர் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள் என்ற எண்ணமும் இருந்தது. அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. “நீ படிச்சவன், ஒனக்குத் தெரியும்” என்றாள்.

இரண்டாவது ஞாயிறு நல்ல வெயில். செவ்வாய்க்கிழமை அவள் பயணம். மகனுக்கு அவள் குவைத்திலிருந்து ஒரு மஞ்சள் சட்டை கொண்டுவந்திருந்தாள். அதே மஞ்சளில் தனக்கு ஒரு சேலையைத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டு, காலை ஏழு மணிக்கே தயாராக வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

அவனை மடியில் வைத்ததும் அவன் உடம்பு விறைத்துப்போனது. அவளிடம் அவனுக்குப் பயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவனை வளர்ப்பது அண்ணி. அவரைத்தான் அவன் ‘அம்மா’ என்று கூப்பிடுவான். அக்காவுக்கு அவன் வைத்த பெயர் ‘போன் அம்மா’.

“டேய், ஒன் போன் அம்மாதான்டா அது. ஃபுல் சார்ஜ் ஏத்திக்கிட்டு நேர்ல வந்திருக்கு” என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அவன் மட்டும் அண்ணியைப் பார்த்துக் கையை நீட்டி, “அம்மாகிட்ட போறேன்” என்று அழத் தொடங்கினான். நான் எட்டுப் படம் எடுத்தேன். எட்டிலும் கண்ணீர், மூக்குச்சளி, திறந்த வாய்.

“இது சரிவராது அக்கா.”

“அழுதா அழுதுட்டுப் போறான். நீ எடு.”

“அழுற மூஞ்சிய செவுத்துல ஒட்டி என்ன செய்யப் போற? கொஞ்சம் பொறு. புள்ளைங்கள எப்படி எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியும்.”

எனக்குத் தெரிந்ததெல்லாம் சரியான விஷயங்கள்தான். பிள்ளையை அது பழகிய மடியில் உட்கார வைக்க வேண்டும். நாம் முழங்கால் போட்டு அதன் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும். சிரி, சிரி என்று சொல்லக் கூடாது. அதற்குப் பிடித்த ஒன்றை லென்சுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். முதலில் அவனை அண்ணியின் மடிக்கு மாற்றினேன். அழுகை நின்றது. அப்படியே அத்தானையும் அண்ணனையும் இரண்டு பக்கமும் நிறுத்தினேன். அக்காவை ஓரத்தில் நிற்க வைத்தால் அவன் அவளைப் பார்த்துப் பார்த்து முகத்தைச் சுருக்கினான். பிஸ்கட் டின்னைத் தட்டினேன். சிரிக்கவில்லை. அவனுக்குப் பிடித்தது என்ன என்று யோசித்தேன்.

“அக்கா, நீ தொட்டிப் பக்கம் போயி அத்தான் போனுக்கு வீடியோ கோல் எடு.”

“எதுக்குடா?”

“எடேன், சொல்றேன்.”

அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். அத்தானின் போனைக் கமராவுக்கு மேலே பிடித்தேன். திரையில் அக்காவின் முகம் வந்தது. “தங்கம், சாப்பிட்டீங்களா?” என்றாள். மூன்று வருடமாக அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள்.

அவன் முகம் பூத்தது. இரண்டு கையையும் தூக்கி, “போன் அம்மா! எப்ப வருவீங்க?” என்று கத்தினான். அதுவும் அவன் எப்போதும் கேட்பதுதான். பழக்கத்தில் வந்திருக்கும்.

“வந்துட்டேன் தங்கம்” என்றாள் அக்கா.

அந்தக் குரல் போனிலிருந்து ஒரு தடவையும், லயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தடவையும் கேட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் நான் கமராவை இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. “அண்ணி, நிமிருங்க” என்றேன். நாற்பது படம் எடுத்தேன்.

அன்று பின்னேரமே அந்த எட்டுப் படங்களையும் அழித்துவிட்டேன். நல்லாயில்லாத படங்களை வைத்திருப்பதில்லை என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. “நாளைக்கு ஒன்னத் தனியா எடுக்கிறேன் அக்கா” என்று சொன்னவன், திங்கட்கிழமை முழுவதும் பதுளையில் உட்கார்ந்து அந்தக் குடும்பப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுவந்தேன். பேஸ்புக் பக்கத்திலும் போட்டேன். மூன்று குடும்பங்கள் விலை கேட்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“அழகா இருக்குடா. என்னா சிரிப்பு சிரிக்கிறான்! இது இங்கயே மாட்டி இருக்கட்டும்.” பிறகு பெட்டியை மூடப் போனவள் நிமிர்ந்து கேட்டாள். “அன்னைக்கு அழுதானே, அந்தப் படம் இருக்குமில்ல? அதக் குடு, கொண்டு போறேன்.”

“அழிச்சிட்டேன் அக்கா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“சரி விடு” என்று சொல்லிப் பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். அண்ணிதான் கதவருகில் நின்று, “போடா, பெரிய படம் எடுக்கிறவன்” என்றார். அவர் அப்படி என்னிடம் பேசியதே இல்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேனில் அக்கா, அத்தான், மகன், நான். வளைவுகளில் இறங்கும்போது அவன் அக்காவின் மடியில் தூங்கிவிட்டான். பெரகல சந்தி வந்ததும், “அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்று டிரைவரிடம் சொன்னாள். போட்டோ கொப்பியும் போன் ரீலோடும் பாஸ்போட் படமும் போடுகிற ஒரு சின்னக் கடை. மூன்று வருடத்துக்கு முன் அவள் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்ததும் அங்கேதான்.

“அக்கா, கமரா பையில இருக்கு. ரோட்டோரத்துல வச்சி நானே எடுக்கிறேனே.”

“நீ எடுத்தா என் கைக்கு எப்ப வரும்? நீ இரு.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தூங்குகிறவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் இறங்க, நானும் பின்னாலேயே கடைக்குள் போனேன்.

“பாஸ்போட்டுக்கா தங்கச்சி?” என்றார் கடைக்கார முஸ்லிம் நானா.

“இல்ல நானா. எனக்கும் மகனுக்கும்.”

நீலத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். டியூப் லைட்டில் அவன் கண் விழித்தான். தெரியாத இடம், தெரியாத மனிதர், அண்ணி இல்லை. அலறி அழுதான். அழுதுகொண்டே திரும்பி அக்காவின் கழுத்தை இறுக்கிப் பிடித்தான்.

“மகன் அழுறாரே. கொஞ்சம் பொறுத்து எடுப்பமா?”

“வேணாம் நானா. இப்பவே எடுங்க.”

அவர் முழங்கால் போடவில்லை. நின்ற இடத்தில் நின்று ஒரே ஒரு தடவை அழுத்தினார். படத்தில் அவனுடைய பாதி முகமும் திறந்த வாயும், அவள் துப்பட்டாவைப் பிடித்த கையும் விழுந்திருந்தன. அவளுக்குப் பின்னால் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. அவள் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன கொப்பி?”

“நாலு.”

நான் பர்ஸை எடுத்தேன். “நீ வை” என்று என் கையைத் தள்ளிவிட்டு, பயணச் செலவுக்கு வைத்திருந்த காசிலிருந்து அக்காவே எண்ணிக் கொடுத்தாள். எண்ணூறு ரூபாய்.