விமான் நகரில் ஒரு கிளிப்பச்சை ஸ்பைடர்

2003 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்குத் தேஹு ரோடு நிலையத்தில் புனே லோக்கல் ஏறினோம். கூட வந்த செல்வம் என் கல்லூரித் தோழன். அங்கே ராணுவக் கிடங்கில் வேலை பார்க்கிறான். பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எங்கள் இருவருக்கும் பைத்தியம். வாங்கும் வசதி கிடையாது. எங்காவது ஒன்றைப் பார்த்துவிட்டால் ஒரு வாரம் அதையே பேசுவோம்.

எங்களைப் போன்றவர்களின் கூட்டம் புனேயின் விமான் நகரில் ஒரு ஓட்டலில் நடக்கிறது, யாரும் பார்த்திராத ஒரு காரைப் பார்த்துச் சொன்னால் சங்கத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவன் எழுதியிருந்தான். அதற்காகத்தான் கோவையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தேன்.

புனே நிலையத்திலிருந்து ஆட்டோ. மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார் ஓட்டுநர். ஏன் என்றதற்கு, "சண்டே ஹை, சாப்" என்றார். ஞாயிற்றுக்கிழமையாம்.

ஓட்டல் புல்வெளியில் மூன்று சிவப்புக் கார்களும் ஒரு வெள்ளி நிறக் காரும் பளபளத்தன. ஒவ்வொருவராக எழுந்து, எந்த ஊரில் என்ன காரைப் பார்த்தோம் என்று சொன்னார்கள். குஜராத்தில் ஒரு அரண்மனைக் கொட்டகையில், பின் சீட்டில் கோழி அடைகாத்த காரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கோவை மில் முதலாளி வீட்டில் நான் பார்த்த காருக்கு மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் இருமல் போல ஒரு சத்தம். இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, நசுங்கிய மட்கார்டு, கிளிப்பச்சை நிறம். கூரை மடங்கும் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார், ஒரு ஸ்பைடர்! ஓட்டி வந்தவர் அறுபது தாண்டிய பெண்மணி, காட்டன் சேலையில்.

"அரே, நம்ம கமலா டீச்சர்!" என்றான் செல்வம். அவன் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர்; இப்போது லோஹேகாவில் இருக்கிறார். விமானப்படையில் இருந்த கணவர் வாங்கிய வண்டி இது. அவர் போன பிறகு எஞ்சினும் போய்விட, டீச்சர் ஒரு பழைய டாக்சியின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுகிறாராம்; செல்வமும் கேள்விப்பட்டதோடு சரி, பார்த்ததில்லை.

நேராக வந்து சிவப்புக் கார்களின் வரிசையில் நிறுத்தினார். அமைப்பாளர் ஓடி வந்தார்.

"மேடம், ஒரிஜினல் வண்டிகளுக்கு மட்டும்தான் இந்த வரிசை. பின்னால் பார்க்கிங்கில் விட்டுவிடுங்கள்" என்றார் இந்தியில்.

டீச்சர் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கைப்பையில் போட்டார். "இந்த நாலும் எப்படி வந்தன?" அதுவும் இந்தியில்தான்.

"லாரியில்..."

"என் வண்டி ரோட்டில் வந்தது. இங்கேதான் நிற்கும்."

அமைப்பாளர் எங்கள் பக்கம் திரும்பி, இந்த வண்டி கணக்கில் வராது என்று அறிவித்தார். அடுத்துப் பேச வேண்டியவன் நான்.

எழுந்தேன். அடுக்கி வைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் பார்த்தது இன்று காலை, விமான் நகரில். பச்சை ஸ்பைடர். ஓடிக்கொண்டிருந்தது" என்றேன் ஆங்கிலத்தில்.

"அது செல்லாது."

"செல்லாவிட்டால் போகட்டும். நான் பார்த்தேன்."

உட்கார்ந்தேன். செல்வம் மட்டும் சத்தமாகக் கை தட்டினான். வெள்ளிக் காரின் சொந்தக்காரர் எழுந்து போய், பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லி டீச்சரிடம் கேட்டார். சங்கத்தில் என்னைச் சேர்க்கவில்லை.

மதியம் டீச்சரே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். இருக்கை இரண்டுதான் என்பதால் செல்வம் ஆட்டோவில் வந்தான்.

"ஏன் டீச்சர் கிளிப்பச்சை?"

"எனக்குப் புடிச்சுது. செவப்புதான் அடிக்கணும்னு எவன் சொன்னது?"

எரவாடா சிக்னலில், பக்கத்தில் பைக்கில் நின்றவன் குனிந்து பார்த்து, இது எந்த ஊர் வண்டி, பெரியம்மா என்று மராத்தியில் கேட்டான்.

"மாஜி" என்றார் டீச்சர், அதே மராத்தியில். என்னுடையது.

பச்சை விழுந்தது. அவனுக்கு முன்னால் நாங்கள் கிளம்பினோம்.