சிவம் அண்ணை மந்திரியைப் போல நடந்த நாள்

கோழி பொரித்த எண்ணெய் வாசனைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு சிக்கன் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் ஐந்து பேர். சட்டை, தலையணை, சாமிப்படம் எல்லாவற்றிலும் அந்த வாசனை.

ஞாயிறு இரவு எல்லோருக்கும் ஷிப்ட். அதனால் டிவியில் வரும் அரசியல் நையாண்டியை வீடியோவில் பதிந்து வைத்து, திங்கள் மத்தியானம் சோறும் கையுமாகப் பார்ப்போம். ரப்பர் பொம்மைகள். பிரதமர், மந்திரிமார், அரச குடும்பம்... ஒருவருக்கும் தப்ப வழியில்லை. தொங்கும் கன்னம், தெறிக்கும் எச்சில்.

மொழிபெயர்ப்பது நான். ஊரில் ஆங்கிலத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டு, இங்கே பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றவன். என் படிப்புக்கு இந்த நகரத்தில் மதிப்பு இருந்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்! ஒரு பகிடியை விளக்கி முடிப்பதற்குள் பொம்மைகள் நாலு பகிடி தாண்டிவிடும்.

"பொறடா, பொறடா... ரிவைண்ட் பண்ணு!"

சிவம் அண்ணை மட்டும் சிரிக்கமாட்டார். எங்களில் மூத்தவர். வவுனியாவில் அரச அலுவலகக் கிளார்க்காக இருந்தவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அப்பீலுக்குத் தேதி வந்திருந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு திங்கள், ஒரு மந்திரியின் பொம்மை வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது கேட்டார்.

"டேய், இதைச் செய்தவங்களை ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?"

"ஏன் அண்ணை பிடிக்கிறது? அந்த மந்திரியும் வீட்டில இருந்து பார்த்துச் சிரிச்சிருப்பான்."

அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"என்னைப் பிடிச்சவங்கள்."

அலுவலகத்தில் ஒரு பிரியாவிடை விருந்து. கொழும்பிலிருந்து வந்துபோன மந்திரி ஒருவரைப் போல நடந்து காட்டியிருக்கிறார். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஏழு வாரம் இராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து இடது காது கேட்பதில்லை. வயசு போய்விட்டது என்று அந்தக் காதை நாங்கள் கேலி செய்திருக்கிறோம்...

"இதை இன்டர்வியூவில சொன்னனீங்களோ?"

"உனக்கென்ன விசரே? நடந்து காட்டினதுக்கு அடிச்சவங்கள் எண்டால் வெள்ளைக்காரன் சிரிப்பான். எல்லாரும் குடுக்கிற கேசைத்தான் நானும் குடுத்தனான்."

அப்போது அதுதான் வழக்கம். ஒருவருக்கு வென்ற கதையை அடுத்தவர் வாங்கி, ஊர்ப்பெயரை மாற்றி எழுதிக் கொடுப்பார். சொந்தக் காயத்தை ஒளித்துவிட்டு இரவல் காயத்தைக் காட்டினோம்.

"சிரிக்கட்டும் அண்ணை. இஞ்ச இதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள், அங்க காதைப் பறிச்சவங்கள். உந்த வித்தியாசம் அவங்களுக்கு விளங்கும்."

இரண்டு வாரம் முரண்டு பிடித்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். காது டாக்டரின் கடிதத்தோடு வக்கீலிடம் கொடுத்தோம்.

விசாரணையில் நான் பின்வரிசையில் இருந்தேன். விசாரித்தவர் ஒரு கிழவர். முதலில் பொய்க்கதை கொடுத்தது ஏன் என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு, "எப்படித்தான் நடந்தீர்கள்?" என்றார்.

சிவம் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையாட்டினேன்.

எழுந்தார். இரவல் கோட்டுக்குள் வயிற்றைத் தள்ளி, இல்லாத மாலைகளைக் கழற்றி இல்லாத ஆளிடம் கொடுத்தபடி, ஆறடி தூரம் நடந்தார். எதிர்த்தரப்பு ஆள் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். கிழவர் சிரிக்கவில்லை.

"இதற்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்."

கேஸ் வென்றது. அண்ணை வக்கீலுக்குப் பொன்னாடை போர்த்தினார். எனக்கு ஒரு தேத்தண்ணி!

ஆனாலும் அதற்குப் பிறகு வந்த திங்கள்கள்... டிவியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தோம். பிரதமர், வீட்டைச் சோதிக்க வரும் கவுன்சில்காரி, வக்கீல், ஆங்கிலம் விளக்கும் நான் உட்பட எல்லோரையும் செய்து காட்டுவார். வயிறு நோகும்.

இப்போது அண்ணை நோர்பரியில் ஒரு சங்கத்தின் தலைவர். போன வருட விழாவில் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். "மைக்குக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டேன். பத்து நிமிடத்தில் என்னைத் தூக்கிவிட்டார். போனும் வந்தது.

"பகிடிக்கும் ஒரு அளவிருக்குத் தம்பி. நான் வகிக்கிற பதவிக்கு ஒரு மரியாதை வேணும்."

"அண்ணை, வவுனியாவில அந்த மந்திரியும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

போனை வைத்துவிட்டார். அதன் பிறகு பேச்சில்லை. நான் மன்னிக்கவுமில்லை.

அன்று பின்னேரம் அதே கனத்த குரலில், "நான் வகிக்கிற பதவிக்கு..." என்று மனைவிக்குப் பேசிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் எங்கேயோ பிசகியது. குரலிலா, இழுவையிலா தெரியவில்லை. பார்த்தவுடன் பிழை பிடித்து, எழுந்து செய்து காட்டித் திருத்தக்கூடிய ஆள் இந்த லண்டனில் ஒருவர்தான்...

அவரிடம் போய் எப்படிக் கேட்பது?