அடிவாரத்திலும் திறக்காத காது

மலைமேல் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்த ஒருவரை, ஏற்காட்டிலிருந்து மெட்ராஸுக்கு ஒருமுறை என் காரில் கூட்டிப்போனேன். ஒல்லியான மனிதர். பிடரிவரை நரைமுடி. மடியில் பிஸ்கட் டப்பா நிறைய கேசட்டுகள். எல்லாம் பேர் வாங்காத மேல்நாட்டு ராக் குழுக்கள். ஏறியதும் ஒன்றைப் போட்டுவிட்டு, கதவிலிருந்த ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு கேசட் மாற்ற மட்டுமே கையை எடுத்தார்.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அடைத்த என் காது, அடிவாரத்தில் வழக்கம்போலத் திறந்துகொண்டது.

"உங்களுக்குக் காது திறந்துச்சுங்களா சார்?"

தோளைத் தொட்டு மறுபடி உரக்கக் கேட்டேன்.

"எனக்கு அடைச்சது அடைச்சதுதானுங்க. நாளுக்கு நாள் கொறையுது. டாக்டரும் கையை விரிச்சுட்டாருங்க. காது போன பாட்டு வாத்தியாருக்கு ஸ்கூல்ல என்ன வேலை? அக்கா ஊட்டுக்கே போறேனுங்க. முழுசாப் போறதுக்குள்ள எல்லாத்தையும் ஒருக்கா கேட்டுப்போடலாம்னு..."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு கேசட் முடிந்து நின்றது. காருக்குள் இன்ஜின் சத்தம் மட்டுமே. அவர் கை ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை. கதவின் அதிர்வுக்கு விரல்கள் தாளம் போட்டன. கண்மூடி, ஆங்கில வரிகளை முணுமுணுத்தபடியே இருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார்.

"இருக்கறதுலயே இந்தப் பாட்டுதானுங்க நொம்ப ஒசத்தி."

ஆமாம் என்று தலையாட்டினேன்.