வேட்டிக்கேற்ற ரிவால்வர்

என் மனைவியின் தம்பிக்குக் காட்டுமன்னார்கோயிலில் அரிசி ஆலை. அவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்ததைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. போதாததற்கு, வாங்கப் போகும்போது சென்னைக்குத் துணையாக என்னையே அழைத்துப் போனான்.

கடையில் பெரிய ரிவால்வர் ஒன்றை இடுப்பு பெல்ட்டில் செருகிப் பார்த்தான். வேட்டி நழுவியது.

"ஆலைக்கும் போவணும், ஏரிக்கரை வயலுக்கும் போவணும். வெயிட் கம்மியா எதுனா காட்டுங்க."

கடைக்காரர் உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "இடுப்புல இருக்கறதே தெரியாது சார்."

"எப்படி மாமா இருக்கு?"

"பொம்ம மாரி இருக்கு மச்சான்" என்றேன். சிரித்துக்கொண்டே அதையே வாங்கினான்.

இருப்பதே தெரியாத அந்தப் பொருள் ஊர் முழுக்கத் தெரிந்தது. உட்காரும்போதும் எழும்போதும் சட்டைக்கு மேலாக இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். சிதம்பரத்துக் கல்யாணங்களில் அவனுக்கு முன்வரிசை நாற்காலி. அதுவரை அக்கா புருஷனான எனக்குக் கிடைத்துவந்த இடம் அது.

அப்புறம் தேர்தல் வந்தது. தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நானே அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். வெறும் இடுப்போடு அவன் வெளியே வந்தபோது எனக்கு அப்படியொரு நிம்மதி.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். பழக்கத்தில் அவன் கை இடுப்பைத் தொட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.

நான் நின்றுகொண்டேதான் டீ குடித்தேன்.