மறுபாதி வராத செபமாலை

என் மனைவி பிலோமினா மூன்று மாதத்துக்கு மேலாக என்னோடு பேசாமல் இருந்தாள். நான் எழுதிய ஒரு பெயர்தான் காரணம். எழுபத்தாறு வயதில் இதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிட நினைக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகன், அன்ரன். சண்டையின் கடைசி நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் சனத்தோடு சனமாகக் கிடந்தோம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. "ஓடிப்போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வா" என்று அனுப்பினேன். திரும்பவில்லை. பிறகு எத்தனையோ வாசல்களில் அவன் படத்தோடு நின்றோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிலோமினா மட்டும் அவன் வருவான் என்றே இருந்தாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம், அவனைத் தண்ணீருக்கு அனுப்பிய என் குரல்தான் எனக்குக் கேட்டது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கையெழுத்து நல்லது என்பதால், கார்த்திகை மாதம் கோயிலில் மரித்த ஆத்துமாக்களுக்காக வாசிக்கும் பெயர்ப் பட்டியலை நான்தான் எழுதிக்கொடுப்பேன். ஒவ்வொரு வருடமும் அவள் கேட்பாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை பேர் அதிலை இல்லைத்தானே?"

"இல்லையப்பா."

போன வருடமும் கேட்டாள். அதையே சொன்னேன். ஆனால் எழுதியிருந்தேன்.

செபம் எனக்கு அப்போது வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல் ஆகியிருந்தது. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்றே தோன்றவில்லை. கோயிலில் பெயரை வாசித்தால் அவளும் அழுது ஆறிவிடுவாள் என்று நினைத்தேன். பிள்ளைக்கு இளைப்பாற்றி கிடைக்கட்டும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். இளைப்பாற விரும்பியது நான்.

பூசையில் பங்குச் சுவாமி அவன் பெயரையும் வாசித்தார். பிலோமினா எழும்பி வெளியே போனாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் சொன்னாள்.

"மாஸ்டருக்கு எழுத்துப்பிழை வராதெண்டு ஊரே சொல்லும். அப்ப இது பிழையில்லை."

அதோடு கதை நின்றது. சோறு வரும், தேத்தண்ணி வரும். சொல் வராது.

பொழுதுபட்டதும் செபமாலை சொல்வது எங்கள் வழக்கம். முதற்பாதி நான், மறுபாதி அவள். நாற்பத்தைந்து வருடப் பழக்கம். இப்போது "அருள் நிறைந்த மரியே" சொல்லிவிட்டு நிறுத்துவேன். "புனித மரியே" வராது. குசினியில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும். ஐம்பத்துமூன்று தரமும் காத்திருந்து, மறுபாதியையும் நானே சொல்வேன். விசுவாசத்தால் அல்ல. விட்டால் வீட்டில் ஒரு குரலும் இருக்காது. ஆனால் போகப் போக, அந்த இடைவெளியில் நான் உண்மையாகவே கேட்கத் தொடங்கினேன். ஆண்டவரே, அவளைப் பேசவையும். வருடக்கணக்கில் நான் மனதாரக் கேட்டது அது ஒன்றுதான்.

தவக்காலத்தில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். சுவாமி கேட்டார்: "மாஸ்டர், எனக்குச் சொல்லிப்போட்டீங்கள். அம்மாவுக்குச் சொன்னீங்களோ?"

அன்று பின்னேரம் அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். குசினி வாசலில் நின்று சொன்னேன்.

"பிலோ, உனக்குப் பொய் சொன்னனான். அவன் இல்லையெண்டு தெரிஞ்சு எழுதேல்லை. அவனைத் தண்ணிக்கு அனுப்பினது நான். காத்திருக்க ஏலாமல் எழுதினனான்."

அவள் நிமிரவில்லை. திருவுகிற சத்தமும் நிற்கவில்லை.

நான் போய் முழந்தாளிட்டேன். முதற்பாதியைச் சொல்லி நிறுத்தினேன். திருவுகிற சத்தம் நின்றது.

"புனித மரியே..."

குசினியிலிருந்து, கரகரத்த குரலில். எனக்கு அடுத்தது மறந்துபோய்விட்டது.

"சொல்லுங்கோவன். நான் உலை வைச்சிருக்கிறன்" என்றாள்.

முடிவில் மகனுக்காகச் செபிக்கும் இடம் வந்தது. இருப்பவனுக்கா, மரித்தவனுக்கா என்று தயங்கினேன்.

"பிள்ளைக்காக எண்டு மட்டும் சொல்லுங்கோ. எங்கை இருக்கிறான் எண்டு ஆண்டவருக்குத் தெரியும்."

மகன் வரவில்லை. என் சந்தேகமும் முற்றாகப் போகவில்லை. இந்தக் கார்த்திகையிலும் பட்டியலை நான்தான் எழுதினேன். அவள் கேட்கவில்லை. நானாகவே அவளை இருத்தி, முதற்பெயரிலிருந்து கடைசிப்பெயர் வரை வாசித்துக் காட்டினேன். பிள்ளையின் பெயர் அதில் இல்லை.

ஆண்டவருக்கு நன்றி. என்னைப்போல் களைத்துப்போன சகோதரங்களே, விசுவாசம் திரும்பி வந்தபிறகு செபிப்போம் என்று இருந்துவிடாதேயுங்கள். உங்கள் பாதியைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.