சரிபார்த்தவர் கையெழுத்து

போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் என் பீரோவுக்கு மேல் ஒரு தாள் சுருள் கிடக்கிறது. விரித்தால் அமோனியா நெடி இன்னும் லேசாக மூக்கில் ஏறும். எங்கள் வம்சம் முழுவதும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊர், இலங்கையில் எந்தத் தோட்டம், எந்த லயத்து வரிசை வீடு, கடைசியில் நிக்கோபாரின் கட்சால் தீவு. ஊதாக் கோடுகள் வருஷத்துக்கு வருஷம் வெளிறிக்கொண்டே வருகின்றன. சுருளில் வெளியே தெரியும் ஓரம்தான் முதலில் அழிகிறது. அந்த ஓரத்தில்தான் அக்கா மகளின் பெயர். விரிக்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் தேடிப் பார்ப்பேன்.

இந்தத் தாளுக்குக் காரணம் அத்தான், அக்காவின் கணவர். கட்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை அவருக்கு. வெட்டின பாலைக் கொடுத்துவிட்டாரென்றால், மீதி நேரமெல்லாம் லயம் லயமாகப் போய்ப் பெரியவர்களின் வாயைப் பிடுங்குவதுதான் பிழைப்பு. "ஒங்க அப்பாரு எந்தத் தோட்டத்துல பேர் பதிஞ்சாரு? கூடப் பொறந்தவுங்க எத்தனை பேரு?" கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதிக் கப்பலில் எனக்கு அனுப்புவார். நான் அப்போதுதான் போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தில் ட்ரேசராகச் சேர்ந்திருந்தேன். பொறியாளர்கள் போடும் வரைபடங்களை மெல்லிய ட்ரேசிங் தாளில் மையால் நகலெடுத்து, அமோனியாவில் பிரிண்ட் போடும் வேலை. அத்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நம்ம புள்ளைங்க இந்தியில பேசிக்கிட்டுத் திரியும். நீ யாருன்னு எவனாச்சும் கேட்டா லோக்கல்னு சொல்லும். அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே தாள்ல கொண்டாந்துரு புள்ள. வீட்டுக்கு ஒரு பிரிண்ட் குடுத்துருவோம்."

என்னோடு இருந்த அம்மாவுக்கு இது துளிகூடப் பிடிக்கவில்லை. மொட்டையடித்துக் காது குத்தும்வரை குழந்தையின் பெயரை எதிலும் எழுதக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இலங்கையில் அம்மா இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். தோட்டத்தில் பேர் பதிந்த கையோடு போனவை என்று கடைசிவரை நம்பினாள். அக்கா மகளுக்கு அப்போது எட்டு மாதம், லயத்திலேயே பிறந்தவள். தைப்பூசத்துக்கு மொட்டை, அதற்குப் பிறகுதான் பிறப்புப் பதிவு, ரேஷன் கார்டு எல்லாம் என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். அத்தான் சரியென்று எழுதிவிட்டு எனக்குத் தனியாகச் சீட்டு அனுப்பினார்: கடைசிக் கொப்பில் பாப்பா பெயரையும் போடு, அத்தைக்குத் தெரிய வேண்டாம். போட்டேன். அம்மா பார்த்துவிட்டாள். "எமனுக்கு அட்ரஸ் எழுதிக் குடுக்கிறியாடி?" என்று கத்திவிட்டு அன்று முழுக்கப் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. நான் சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

அலுவலகப் பழக்கம் விடுமா? தாளின் கீழ் மூலையில் கட்டம் கட்டியிருந்தேன். வரைந்தவர், தேதி, சரிபார்த்தவர். முதல் இரண்டையும் நிரப்பிவிட்டு மூன்றாவதை அத்தானுக்கு விட்டேன். ஒரே ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத் தாளை டிசம்பரில் கப்பலில் அனுப்பினேன். கையில் கிடைத்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லையாம். ஒரு கிளையில் மட்டும் சந்தேகம். அதைத் தீர்க்கக்கூடிய பெரியவர் கப்பல் அணையும் ஜெட்டிப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அக்காவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு, தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேட்டு லயத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கினார். "சரிபார்த்துட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டுர்றேன்" என்று வழியெல்லாம் சொன்னாராம். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் தரை ஆடியது. பிறகு கடல் வந்தது.

அக்கா மட்டும் பல நாள் கழித்துக் கப்பலில் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தாள். எப்படிப் பிழைத்தாள் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மேட்டு லயத்தில் பெரும்பாலும் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். நான் தாளை அனுப்பாமல் இருந்திருந்தால் அவர்களும் மேட்டிலேயே இருந்திருப்பார்கள். இதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் மாறவில்லை.

நிவாரண முகாமில் காணாமல் போனவர்களின் பட்டியல் எழுதினார்கள். அத்தான் பெயர் ரேஷன் கார்டில் இருந்ததால் ஏறிவிட்டது. பாப்பா பெயருக்கு எந்தக் காகிதமும் இல்லை. எழுதிக்கொண்டிருந்த அதிகாரி, "கோயி காகஸ் திகாயியே, பெஹன்ஜி" என்று ஏதாவது ஒரு காகிதம் கேட்டார். சாட்சி சொல்லக்கூடிய லயத்து ஆட்கள் எந்தக் கப்பலில் எந்த முகாமுக்குப் போனார்களோ! அக்கா அழவில்லை. "அப்ப எம்புள்ள பொறக்கவே இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டாள். நான் வீட்டுக்கு ஓடிப்போய் பிரிண்ட்டை எடுத்து வந்தேன். "யெ தோ கர் கா ட்ராயிங் ஹை," வீட்டில் வரைந்ததுதானே என்று தள்ளிவிட்டார். பிறகு தாளின் மூலையில் இருந்த கட்டத்தில் அவர் கண் விழுந்தது. கடல் வருவதற்கு முன் போட்ட தேதியை இரண்டு முறை பார்த்தார். பேனாவை எடுத்துப் பாப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா, சாகும்வரை, அந்தத் தாள் இருந்த அறையில் படுக்கவில்லை. நான் மூடநம்பிக்கை என்று இப்போதும் வாயால் சொல்லுவேன். ஆனாலும் அந்தக் குழந்தையின் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் அக்கா பாராடாங் தீவிலிருந்து வந்தாள். இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு அங்கேதான் இருக்கிறாள். இடுப்பில் ஆறு மாதப் பையன், இன்னும் மொட்டையடிக்கவில்லை. பிரிண்ட் முழுவதும் அழிவதற்குள் புதுத் தாளில் வரைந்து, சிதறிப்போன வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று அனுப்பிவிட வேண்டும் என்று நான் மேசையில் விரித்து உட்கார்ந்திருந்தேன். பாப்பா பெயர் வரைக்கும் வந்திருந்தேன்.

"பக்கத்துல இவன் பேரையும் போடு" என்றாள்.

"மொட்டை முடியட்டும்க்கா."

"அம்மா மாதிரிப் பேசாதடி. இன்னொரு தடவை ஒரு ஆபீசர் முன்னாடி என்னால நிக்க முடியாது."

நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். பையனை என் மடியில் போட்டுவிட்டு அவளே பேனாவை வாங்கினாள். இரண்டு எழுத்து எழுதியிருப்பாள். மேசைமேல் டம்ளர் கடகடவென்று அடித்துக்கொண்டது, மின்விசிறி ஒரு பக்கமாக ஆட ஆரம்பித்தது. இந்தத் தீவில் நிலம் இன்னும் அடங்கவில்லை. நான் பையனை வாரிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தேன். "அக்கா, வா! ஜல்தி வா!" என்று கத்தினேன். அவள் தலை நிமிரவில்லை. கடைசி எழுத்தை முடித்து, மை காய ஊதினாள். மூலைக்கு வந்து, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

பிறகு புதுத் தாளையும் பழைய பிரிண்ட்டையும் சேர்த்துச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப ஓடலாம், வா."